நோர்லாண்ட்: வடகடலில் 28 வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்த ஒரு ஃபெர்ரி

#1 ஹல்வாசி

போன வாரம் ஒரு வேலையாக இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் கிங் ஜார்ஜ் டாக் (கப்பல்துறை) பக்கம் போனேன். பழைய லாக் கண்ணில் பட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்றேன். நோர்லாண்ட் ஞாபகம் வந்துவிட்டது.

இந்தக் குழுவில் போர்க்கப்பல், நீர்மூழ்கி என்று எத்தனையோ இழைகள் ஓடுகின்றன. லாரியையும் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு ராத்திரி ராத்திரி கடல் தாண்டிய கப்பலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

1974இல் ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனில் கட்டிய கப்பல். நீளம் சுமார் 153 மீட்டர். நார்த் சீ ஃபெர்ரீஸ் என்ற கம்பெனிக்காகக் கட்டினார்கள். அந்தக் கம்பெனியில் பிரிட்டிஷ்காரர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் பங்கு. அதனால் கப்பல்களையும் ஜோடியாகவே வாங்குவார்கள். நோர்லாண்டில் பிரிட்டிஷ் கொடி, அதன் தங்கை நோர்ஸ்டாரில் டச்சுக் கொடி. ஹல்லுக்கும் ராட்டர்டாம் யூரோபோர்ட்டுக்கும் இடையில் ஓட்டம். சாயங்காலம் இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று கிளம்பும். நடுராத்திரி வாக்கில் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டும். காலையில் ஊர் மாறி நிற்கும். பகலில் சரக்கை இறக்கி, ஏற்றி, துடைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, மறுபடி சாயங்காலம் கிளம்பும்.

லாக் விஷயம் தெரியாதவர்களுக்காக: ஹம்பர் ஆற்றில் கடல் ஓதம் பெரிது. பெரிய ஓத நாட்களில் தண்ணீர் மட்டம் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்கும். அதனால் டாக்குக்குள் தண்ணீரை அடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே வர வேண்டிய கப்பல் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள தொட்டியில் நின்று, மட்டம் சமமானதும் நுழையும். நோர்லாண்ட் 25 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். லாக்கும் ஏறத்தாழ அதே அகலம்தான். குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றால், பெரிய சுவர் ஒன்று உரசாமல் நகர்ந்து போவது மாதிரி இருக்கும். கப்பலுக்கும் லாக் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம். எந்தக் காற்றிலும், வாரத்தில் எத்தனை முறை வந்தாலும், இதே கதைதான்.

இப்போது கேள்வி. இந்தக் கப்பலைப் பற்றி யார் எழுதினாலும் 1982 போரிலேயே ஆரம்பித்து அங்கேயே முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 கணக்குப்பிள்ளை

உடன்பாடில்லை என்று எழுத உங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்ததே போரால்தான். நோர்ஸ்டாரைப் பற்றி யாராவது இழை ஆரம்பிப்பார்களா?

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1982 ஏப்ரல் 2 அன்று பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. பிரிட்டன் எட்டாயிரம் மைல் தள்ளிப் படை அனுப்ப வேண்டும். கடற்படையிடம் அத்தனை கப்பல் இல்லை. வணிகக் கப்பல்களைக் கேட்டு வாங்கினார்கள். ஏப்ரல் 17 அன்று நோர்லாண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. போர்ட்ஸ்மத் தளத்தில் வெல்டிங்காரர்கள் ராப்பகலாக நின்று, ஹெலிகாப்டர் இறங்க இரண்டு தளங்களை அமைத்தார்கள். நடுக்கடலில் எண்ணெய் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஏப்ரல் 26 அன்று பாராசூட் ரெஜிமென்டின் 2ஆவது பட்டாலியனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. கப்பலை நடத்தியவர் அதே ஃபெர்ரி கேப்டன் டான் எல்லர்பி. கப்பல்காரர்களும் அதே ஆட்கள்தான், விருப்பப்பட்டு வந்தவர்கள்.

மே 21 விடியலுக்கு முன்னால் சான் கார்லோஸ் விரிகுடாவுக்குள் இருட்டில் நுழைந்தது. விளக்கு கிடையாது. அதன் பக்கக் கதவு வழியாகப் படைவீரர்கள் தரையிறங்கு படகுகளில் இறங்கினார்கள். விடிந்ததும் விமானத் தாக்குதல். அந்த நீர்ப்பரப்புக்குக் குண்டுச் சந்து என்றே பெயர் விழுந்துவிட்டது. மெல்லிய தகட்டில் கட்டிய கார் ஃபெர்ரி அதற்குள் போய் வந்தது. அப்புறம் சவுத் ஜார்ஜியா தீவில் குயின் எலிசபெத் 2 கப்பலிலிருந்து கூர்க்காக்களை மாற்றி ஏற்றிவந்தது. போர் முடிந்ததும் அர்ஜென்டினாக் கைதிகளை அவர்கள் நாட்டிலேயே கொண்டுபோய் விட்டது. வீடு திரும்பியது 1983 பிப்ரவரி 1.

இதைவிட முக்கியமான நாள் எது இருக்கப் போகிறது?

#3 ஹல்வாசி

கணக்குப்பிள்ளைக்கே கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது. 1974 முதல், கப்பல் உடைக்கப் போன 2010 வரை 36 வருடம். போர்க்கடமை பத்து மாதம்கூட முழுதாக இல்லை. மீதி 35 வருடம் கப்பல் என்ன செய்தது? அதைத்தான் கேட்கிறேன்.

ஆனால் போர்க் கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கப்பலின் ஸ்டூவர்டுகளில் ஒருவர் பியானோ வாசிப்பார். ஹல்லுக்கும் ராட்டர்டாமுக்கும் நடுவில் பயணிகளுக்காக வாசித்தவர் போருக்குப் போகும் பட்டாலியனுக்கும் வாசித்தார். முதலில் கிண்டல் செய்த முரட்டு ஆட்கள் கடைசியில் அவரைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள் என்று போய் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கண்ணில் அது ஃபெர்ரி வேலைதான். ஏறியவன் சுற்றுலாக்காரனோ சிப்பாயோ, அன்றைய ராத்திரி அவனுக்கு நல்லபடியாகக் கழிய வேண்டும்.

#4 காரைநகர்க் காகம்

எங்கள் ஊரில் இதற்குப் பாதை என்றுதான் பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. "பாதை வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். ஐரோப்பாவுக்கு வந்து லாரி ஓட்ட ஆரம்பித்தபோது, பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தில் முதல் தடவை வாயைத் திறந்து நின்ற கப்பலைப் பார்த்ததும் என் வாயில் வந்த சொல் அதுதான்: "அம்மாடி, எவ்வளவு பெரிய பாதை!"

ஹல்வாசி அண்ணை, நான் உங்கள் கட்சி. நோர்லாண்டிலும் நோர்ஸ்டாரிலும் 90களின் கடைசியில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணவில்லை. அப்போது இரண்டும் ஹல் - ஸீப்ரூக் ஓட்டத்தில் இருந்தன. லாரிக்காரன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

துறைமுகத்தில் வரிசையில் நிற்பாய். டிரெய்லர்களில் பாதிக்கு ஓட்டுநரே கிடையாது. அவை தனியாகப் பயணம் செய்யும். டக்மாஸ்டர் என்ற குட்டை மூக்கு இழுவை வண்டி ஒவ்வொன்றாகக் கொக்கி போட்டு, பின்பக்கமாகவே தளத்துக்குள் தள்ளிக்கொண்டு போகும். அந்த வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இருக்கை சுழலும். ஒரே ஆள் முன்னும் பின்னும் முகம் திருப்பி ஓட்டுவார். 13 மீட்டர் டிரெய்லரைச் சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்துவார். முன்பக்கம் தாங்க ஒரு இரும்பு முக்காலியைச் செருகுவார்கள். அப்புறம் சங்கிலி. தளத்தில் கொக்கி மாட்டக் குழிகள் இருக்கும். வானிலை மோசமென்றால் சங்கிலி கூடும். சங்கிலியின் எண்ணிக்கையைப் பார்த்தே அன்று தூக்கம் உண்டா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாசனை மறக்காது. டீசல் புகை, ஈர இரும்பு, பச்சைப் பெயின்ட், யாரோ ஒருவனின் டிரெய்லரிலிருந்து வழியும் வெங்காயத் தண்ணீர். மின்விசிறிகள் இரைச்சல் போடும். படி ஏறிக் கதவைத் திறந்தால் கம்பளமும் காபி மணமும். ஒரே கதவு, இரண்டு உலகம்.

லாரிக்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை. சாப்பிட்டுக் குளித்து எட்டு மணி நேரம் தூங்கினால் சட்டப்படி ஓய்வும் ஆயிற்று, கடலும் தாண்டியாயிற்று. டோவரில் ஒன்றரை மணி நேரத்தில் தாண்டலாமே என்று கேட்பார்கள். வடஇங்கிலாந்துக்குப் போகிறவன் டோவரில் இறங்கினால் அப்புறம் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும். இங்கே தூங்கி எழுந்தால் யார்க்‌ஷயர். அதுதான் இந்த ஓட்டத்தின் பிழைப்பு.

#5 கீழ்த்தளத்தான்

நான் தூத்துக்குடிக்காரன். மரைன் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். சரக்குக் கப்பலில் பாதி, ஃபெர்ரியில் மீதி. நோர்லாண்டில் வேலை பார்த்ததில்லை, ஆனால் அந்த வயதுக் கப்பல்களின் வயிற்றுக்குள் நிறைய இருந்திருக்கிறேன்.

சரக்குக் கப்பலில் எஞ்சினை ஒரு தடவை ஓட்டினால் வாரக்கணக்கில் அதே வேகத்தில் போகும். ஃபெர்ரியில் தினமும் கிளப்ப வேண்டும், தினமும் நிறுத்த வேண்டும். சூடாகும், ஆறும், சூடாகும். வால்வும் கேஸ்கட்டும் அதில்தான் சாகும். பகலில் கப்பல் நிற்கிற எட்டுப் பத்து மணி நேரம்தான் ரிப்பேருக்குக் கிடைக்கும். சாயங்காலம் கிளம்பியே ஆக வேண்டும். மேலே ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவை எண்ணெய்க் குளிர்விப்பான் ஒழுகியது. நானும் ஒரு போலந்துக்காரரும் மதியச் சாப்பாடு இல்லாமல் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்தோம். ஐந்தரைக்கு முடித்தோம், ஆறரைக்குக் கிளம்பிற்று. மேலே ஒருவருக்கும் எதுவும் தெரியாது. தெரியக் கூடாது, அதுதான் வேலை.

கணக்குப்பிள்ளை முக்கியமான நாள் கேட்டார். என்னைக் கேட்டால் நோர்லாண்டின் முக்கியமான நாள் அதற்கு நடந்ததே இல்லை. வேறொரு கப்பலுக்கு நடந்தது. 1987 மார்ச் 6, அதே ஸீப்ரூக்.

ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ். அதுவும் பிரேமர்ஹாஃபனில் கட்டியதுதான், 1980இல், வேறொரு தளத்தில். அன்று சாயங்காலம் டோவருக்குக் கிளம்பியது. முன்கதவுகளை மூடவில்லை. மூட வேண்டிய உதவி போசன் (தளப் பணியாளர் தலைவரின் உதவியாளர்) அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கேப்டன் நிற்கிற மேல்தளத்திலிருந்து அந்தக் கதவுகள் கண்ணுக்குத் தெரியாது. கதவு திறந்திருக்கிறதா என்று காட்ட ஒரு விளக்குகூட அங்கே இல்லை. அப்படி ஒரு விளக்கு வையுங்கள் என்று முன்பே கேப்டன்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள். நிர்வாகம் தட்டிக்கழித்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஸீப்ரூக்கில் அந்தக் கப்பலின் மேல் கார் தளத்துக்குச் சரிவுப்பாலம் எட்டாது. அதனால் முன் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி மூக்கைத் தாழ்த்தி ஏற்றினார்கள். கிளம்பும்போதும் மூக்கு தாழ்ந்தே இருந்தது. துறைமுகச் சுவரைத் தாண்டி வேகம் எடுத்ததும் முன்அலை திறந்த கதவுக்குள் ஏறிற்று. சில நிமிடங்களில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து மணல்திட்டில் படுத்துவிட்டது. அந்தத் திட்டு இல்லாவிட்டால் முழுக்கவே மூழ்கியிருக்கும். 193 பேர் போனார்கள்.

அதே 1987இல்தான் நோர்லாண்டும் நோர்ஸ்டாரும் ராட்டர்டாமிலிருந்து ஸீப்ரூக் ஓட்டத்துக்கு மாறின. அங்கே ஒவ்வொரு கப்பல்காரரும் கதவை மூடும்போது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் நினைத்திருக்கிறேன்.

#6 புதுவை_ரவி

ஐயா, ஒரு சின்னச் சந்தேகம். கதவு வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தால் இவ்வளவு பெரிய கப்பல் எப்படிக் கவிழும்? எடை என்று பார்த்தால் அது ஒன்றுமே இல்லையே?

#7 கீழ்த்தளத்தான்

அடுக்களையில் பார்க்கலாம் தம்பி. ஒரு பெரிய தாம்பாளத்தில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாலடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடும். அது ஓடியதால் இன்னும் சாயும். இன்னும் சாய்ந்ததால் இன்னும் ஓடும். இப்போது அதே தண்ணீரைப் பத்து டம்ளர்களில் ஊற்றித் தாம்பாளத்தில் வைத்துத் தூக்குங்கள். சாய்ந்தாலும் பயமில்லை. எடை அதேதான். ஓட இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

சரக்குக் கப்பலில் குறுக்குச் சுவர்கள் இருக்கும், அது டம்ளர். ஃபெர்ரியில் லாரி இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்க வேண்டும். நடுவில் சுவர் வைத்தால் பிழைப்பு போயிற்று. அதனால் முன்னிலிருந்து பின்வரை ஒரே தாம்பாளம். இப்படி வண்டி ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பலின் வரமும் சாபமும் அந்த ஒரே தளம்தான்.

தண்ணீர் கடலிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. 2006 பிப்ரவரியில் செங்கடலில் அல் சலாம் பொக்காச்சியோ 98 மூழ்கியது. கார் தளத்தில் தீ. அணைக்க ஊற்றிய தண்ணீர் வடிகாலில் இறங்காமல் தளத்திலேயே தேங்கிக் கப்பலைச் சாய்த்தது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அது 1970இல் இத்தாலியில் கட்டிய ஃபெர்ரி. அங்கே ஓடி முடித்து, மேலே கூடுதல் தளங்கள் கட்டி, அப்புறம் செங்கடலுக்கு விற்றது. 1994 செப்டம்பர் 28 அன்று பால்டிக்கில் எஸ்டோனியா என்ற ஃபெர்ரி மூழ்கி 852 பேர் போனதும் கார் தளத்துக்குள் தண்ணீர் வந்துதான். அங்கே கதவு திறந்திருக்கவில்லை. மேலே தூக்கித் திறக்கும் முன்மூக்கின் பூட்டே புயலில் பிய்ந்துபோனது.

எஸ்டோனியாவுக்குப் பிறகு ஐரோப்பாவில் பல கப்பல்களில் அந்தத் தூக்கு மூக்கை வெல்டிங் வைத்தே அடைத்துவிட்டார்கள். பின்கதவு வழியாக மட்டும் ஏற்று இறக்கு. 1996இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் வந்தது. கப்பல் அடிபட்டு, கார் தளத்தில் அரை மீட்டர் வரை தண்ணீர் நின்றாலும் கவிழாது என்று கணக்குக் காட்ட வேண்டும். பழைய கப்பல்களின் வெளிப்பக்கத்தில் இரும்புப் பெட்டிகளை ஒட்டினார்கள், தளத்தில் மடக்குக் கதவுகள் வைத்தார்கள். அழகு போயிற்று, ஆள் பிழைத்தான்.

#8 கணக்குப்பிள்ளை

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, போரை விட்டுவிடுகிறேன். ஆனால் என் தொழில் கணக்கு, அதனால் 1987ஐ வேறு பக்கமிருந்து பார்க்கிறேன்.

அந்த வருடம் கம்பெனி ராட்டர்டாமுக்கு இரண்டு புதுக் கப்பல்களை வாங்கியது, நோர்சீ, நோர்சன். ஒன்று கிளாஸ்கோவில், ஒன்று ஜப்பானில். பழசு இரண்டையும் விற்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கப்பலைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் சுமார் இருபது மீட்டர் புதுத் துண்டைச் செருகி, மறுபடி ஒட்டினார்கள். நோர்லாண்ட் 173 மீட்டர் ஆயிற்று. தையல்காரர் பழைய பாவாடைக்குத் துணி சேர்த்து நீட்டுவது மாதிரி. புது மூக்கு வேண்டாம், புது எஞ்சின் வேண்டாம், தளம் மட்டும் நீளும். டிரெய்லருக்கு வாடகை வாங்குவதே மீட்டர் கணக்கில்தானே?

அப்புறம்தான் ஹல்வாசியின் லாக் எனக்குப் புரிந்தது. அகலத்தைக் கூட்ட முடியாது, லாக் விடாது. நீளத்தைக் கூட்டலாம், லாக் போதுமான நீளம். ஒரு ஊரின் லாக் சுவர்தான் 30 வருடம் அந்தக் கம்பெனியின் எல்லாக் கப்பல்களுக்கும் அளவெடுத்திருக்கிறது!

#9 ஹல்வாசி

அதே! 2001இல் ப்ரைட் ஆஃப் ராட்டர்டாம், ப்ரைட் ஆஃப் ஹல் என்று இரண்டு வந்தன. 215 மீட்டர் நீளம், 31 மீட்டருக்கு மேல் அகலம். லாக்குக்குள் நுழையவே நுழையாது. அவற்றுக்காக ஆற்றங்கரையிலேயே வெளியே புது முனையம் கட்டினார்கள். அவை வந்ததும் நோர்சீயும் நோர்சனும் ஸீப்ரூக்குக்கு இறங்கின, நோர்லாண்டும் நோர்ஸ்டாரும் வெளியேறின. மூத்தவளின் சட்டை இளையவளுக்கு வருகிற கதை ஃபெர்ரியில் தலைகீழ்: புதுசு வந்தால் பழசு ஒரு படி கீழே இறங்கும், கீழே இருந்தது தெற்கே போகும்.

2002இல் இரண்டையும் இத்தாலியின் ஸ்னாவ் கம்பெனி வாங்கியது. நேப்பிள்ஸ் - பலெர்மோ ஓட்டம். நோர்லாண்ட் ஸ்னாவ் சிசிலியா ஆயிற்று, நோர்ஸ்டார் ஸ்னாவ் கம்பானியா. நான் 2006இல் குடும்பத்தோடு நேப்பிள்ஸ் போனபோது துறைமுகத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. பெயர் வேறு, வண்ணம் வேறு. ஆனால் அந்த நெற்றி! என் பெண்ணிடம் "அது எங்க ஊர்க் கப்பல்" என்றேன். அவள் ஐஸ்கிரீமிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

#10 காரைநகர்க் காகம்

கணக்குப்பிள்ளை, ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். வரியில்லாச் சாராயம். 1999 ஜூலை 1இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன் கப்பல் கடையில் ஆட்கள் தள்ளுவண்டி நிறைய அள்ளுவார்கள். டிக்கெட் காசைவிடக் கடைக் காசில்தான் சில ஓட்டங்கள் ஓடின. அதற்குப் பிறகு கடை பாதி இருட்டு. 1994இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வந்தது ஒரு அடி என்றால், இது இரண்டாவது அடி.

எங்கள் ஓட்டத்துக்கு அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆயுள் இருந்தது. 2021 தொடக்கத்தில் ஹல் - ஸீப்ரூக் பயணிகள் ஓட்டமே நின்றுவிட்டது. கடைசியாக ஓடிய இரண்டும் பழைய நோர்சீயும் நோர்சனும்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. அவையும் தெற்கே மத்தியதரைக் கடலுக்குப் போயின. இப்போது நான் ராட்டர்டாம் சுற்றிப் போகிறேன்.

#11 பாவ்நகர்த்_தமிழன்

தெற்கே போனது அப்புறம் எங்கே போனது என்று நான் சொல்கிறேன். 2010இல், பழைய கப்பல்களை உடைக்கும் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு. நான் 2008 முதல் பாவ்நகரில் இருக்கிறேன், இரும்பு வியாபாரம்.

அலங்கில் கிரேன் வைத்து ஏற்றுவது கிடையாது. அந்த வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் வரை ஏறும். பெரிய ஓத நாளில், தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது, கப்பலை அதன் சொந்த எஞ்சினிலேயே முழு வேகத்தில் கரையை நோக்கி விடுவார்கள். சேற்றில் ஏறி நிற்கும். தண்ணீர் வடிந்தால் கப்பல் நிலத்தில் நிற்கிறது. அவ்வளவுதான். அப்புறம் காஸ் கட்டர்.

ஃபெர்ரி வந்தால் அலங் சாலையில் ஒரு தனிக் கலகலப்பு. எண்ணெய்க் கப்பலில் இரும்புதான் கிடைக்கும். ஃபெர்ரியில் ஐந்நூறு மெத்தை, ஆயிரம் நாற்காலி, தட்டு, கண்ணாடி, வாஷ்பேசின், கதவுகள், சமையலறை அடுப்புகள். சாலையின் இரண்டு பக்கமும் கடைகள். ஒரு கடை முழுக்கக் கட்டில், ஒரு கடை முழுக்க உயிர்காப்புச் சட்டை. சுற்றுப்பட்டு ஊர் ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் இங்கே வந்து வாங்கும். என் வீட்டுக் கழிப்பறைக் கதவில் இத்தாலிய மொழியில் ஒரு எச்சரிக்கைப் பலகை இன்னும் இருக்கிறது. கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால்தான் திறக்கும். விருந்தாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டு கத்துவார்கள்.

வெட்டுகிற ஆட்கள் பெரும்பாலும் ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார். விபத்து நடக்கும். அந்தக் காலத்தில் செருப்போடு நின்று வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஹெல்மெட், பூட்ஸ், சிமென்ட் தளம் என்று நிறைய யார்டுகள் மாறிவிட்டன. 2025 ஜூன் 26 முதல் கப்பலைப் பாதுகாப்பாக உடைப்பது பற்றிய ஹாங்காங் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 2010 என்பது அதற்கு முந்திய காலம், அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

#12 புதுவை_ரவி

ஹல்லிலிருந்து நோர்லாண்டைக் காப்பாற்றி நினைவுச்சின்னமாக வைக்க யாருமே முயலவில்லையா?

#13 ஹல்வாசி

173 மீட்டர் கப்பலை எங்கே வைப்பது தம்பி? பெயின்ட் அடிக்கவே ஒரு நகரசபை வேண்டும்.

சின்னக் கப்பல்கள் பிழைக்கும். இந்த அளவுக் கப்பல் உழைக்கிற வரைதான் உயிரோடு இருக்கும். அது எனக்குக் குறையாகவும் தெரியவில்லை. போருக்குப் போன கப்பல் என்று தனிச் சலுகை இல்லாமல், திரும்பி வந்த இரண்டு மூன்று மாதத்தில் ஹெலிகாப்டர் தளங்களைக் கழற்றிவிட்டு ராட்டர்டாமுக்கு டிரெய்லர் ஏற்றப் போய்விட்டது பாருங்கள், அதுதான் எனக்கு அந்தக் கப்பலிடம் பிடித்த விஷயம்.

#14 கீழ்த்தளத்தான்

கப்பலைப் பேசினோம், ஆளையும் பேசிவிடலாம். 2022 மார்ச் 17. ஹல் - ராட்டர்டாம் ஓட்டத்தை நடத்தும் பி அண்ட் ஓ ஃபெர்ரீஸ் 786 பிரிட்டிஷ் கப்பல்காரர்களை முன்னறிவிப்பில்லாமல் ஒரே நாளில் நீக்கியது. பலருக்கு ஒரு காணொளி மூலம்தான் தெரிந்தது. பதிலுக்கு ஏஜென்சி ஆட்கள். சராசரியாக மணிக்கு 5.50 பவுண்டு சம்பளம் என்று கம்பெனித் தலைவரே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். அப்போதைய பிரிட்டிஷ் குறைந்தபட்சக் கூலியைவிட அது குறைவு. அப்படி வந்தவர்களில் நம் நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? வேலை கிடைத்தது, வந்தார்கள். ஆனால் கதவு எப்போது மூட வேண்டும், சங்கிலி எத்தனை என்பது கையில் பழகுகிற வேலை. ஒரு கப்பலின் ஆட்களை ஒரே நாளில் மாற்றினால் அந்தக் கைப்பழக்கமும் ஒரே நாளில் இறங்கிப் போகும்.

#15 ஹல்வாசி

அன்று ஹல்லில் என்ன நடந்தது என்று சொல்கிறேன் ஐயா. ப்ரைட் ஆஃப் ஹல் கரையில் நின்றது. புது ஆட்களைக் கொண்டுவந்து வேனில் வைத்திருந்தார்கள். கேப்டனும் ஆட்களும் ஏணிப்பாலத்தை மேலே தூக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மணிக்கணக்கில் யாரும் ஏற முடியவில்லை. நான் வேலை முடிந்து போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கூட்டத்தில் ஒரு வயதானவர், நோர்லாண்டில் ஃபாக்லாந்து போனவர். ஒன்றும் பேசவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

#16 கணக்குப்பிள்ளை

அவரிடம் நீங்கள் கேட்டீர்களா, முக்கியமான நாள் எது என்று?

#17 ஹல்வாசி

கேட்டேன். ஒரு டிசம்பரில் மேற்கிலிருந்து புயல். ஹம்பர் வாயில் லாக்குக்காக ராத்திரி முழுக்கக் காத்து நின்று, விடிந்தபின் உள்ளே நுழைந்து, ஒரு பயணிகூட விழாமல், ஒரு டிரெய்லர்கூடச் சங்கிலி அறுக்காமல் இறக்கிய நாளாம். எந்த வருடம் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "எல்லா வருடமும்" என்றார்.

#18 காரைநகர்க் காகம்

அண்ணை, வெள்ளிக்கிழமை நான் ஹல்லில் இறங்குகிறேன். காலை எட்டு மணி. அந்த லாக்கைக் காட்டுவீர்களா?

#19 ஹல்வாசி

வாருங்கள். குடை கொண்டுவாருங்கள்.